நான் வாசிக்காமல் தாண்டிய சொல்

நோன்பு மாதத்தின் இரண்டாவது கிழமை. சனிக்கிழமைக் காலை. டிஸ்பென்சரி ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வரிசை வேலியடி வரைக்கும் நீண்டிருந்தது. கடற்காற்றில் மருந்து வாசமும் காய்கிற நெத்தலியின் வாசமும் கலந்து வந்தன.

சுபைதா மாமியின் முறை வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுவிக் காயவைத்த பன்னீர்ப் போத்தல் ஒன்றை ஜன்னல் கட்டையில் வைத்தார். அந்தக் காலத்தில் டிஸ்பென்சரிக்குப் போகிறவர்கள் போத்தலையும் தாங்களே கொண்டுபோகவேண்டும்.

"என்ன வருத்தம் ராத்தா?" என்று வாப்பா கேட்டார்.

"எனக்கு ஒண்டுமில்ல தம்பி. மகனுக்குத்தான். அந்த ஞாபக மருந்தில கொஞ்சம் ஊத்தித் தாங்க. இலையாப் பத்துறதால நோன்பு முறியிது. தண்ணி மருந்தாத் தந்தீங்கண்டா சஹருக்குக் குடிச்சிப்போட்டு நோன்பப் புடிப்பான்."

வாப்பாவுக்கு விளங்கவில்லை. "எந்த மருந்து?"

"உங்கட மகன் சொன்ன மருந்துதான். இங்கிலீசுப் புத்தகத்தில இரிக்கிதாமே."

நான் உள்ளே வாளித் தண்ணீரில் மருந்து அளக்கும் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. வாப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

எனக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் பார்வைக்கு முன்னால் நான் பட்ட அதிர்ச்சியைப்போல ஒன்றை அதற்குப் பிறகு படவில்லை.

வாப்பாவின் அலுமாரி

வாப்பாவைப் பற்றி இந்தத் தொடரில் முன்பும் எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் டாக்டர் இல்லை, டிஸ்பென்சர். டாக்டர் கிழமைக்கு ஒருநாள் வந்துபோவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் புண்ணுக்கும் வாப்பாதான் மருந்து கலந்து கொடுப்பார். கல்முனைக் கரையில் எங்கள் பகுதிச் சனத்துக்கு அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

அந்த மரியாதையில் ஒரு பங்கு எனக்கும் ஒட்டியிருந்தது. வகுப்பில் ஒருவனுக்குத் தலையிடி வந்தால் என்னிடம்தான் கேட்பான். நானும் முகத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு ஏதாவது சொல்வேன்.

விடுமுறை நாட்களில் போத்தல் கழுவுவதும், பழைய லேபல்களைப் பிரதி பண்ணி ஒட்டுவதும் என் வேலை. ஒருநாள் அலுமாரியின் மேல்தட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால், தூசி படிந்த கபிலநிறப் போத்தல் ஒன்று கிடந்தது. அடியில் கறுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. லேபலை எழுத்துக்கூட்டி வாசித்தேன்: கனாபிஸ் இண்டிக்கா.

"வாப்பா, இது என்ன?"

"அது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். கஞ்சாச் சாறு. முந்தி மூச்சிழுப்புக்கும் நோவுக்கும் குடுத்தவங்க. இப்ப இல்ல. வெச்சிரு அதில."

அவர் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. கஞ்சா என்றால் பொலிஸ் பிடிக்கிற சாமான் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அது எங்கள் டிஸ்பென்சரி அலுமாரியிலேயே இருந்தால் எப்படி மறப்பது?

அன்று பகல் வாப்பா லுஹர் தொழப் போனதும், அவருடைய தடித்த மருந்துப் புத்தகத்தை எடுத்து அந்தப் பெயரைத் தேடினேன். பக்கம் கிடைத்தது. சின்னச் சின்ன எழுத்து. பத்துச் சொல்லில் ஒன்றுதான் எனக்குத் தெரியும். கண்ணுக்குப் பிடிபட்ட சொற்களில் ஒன்று 'மெமரி'. ஞாபகசக்தி! அதற்கு முன்னால் நீளமாக ஒரு சொல் இருந்தது. அர்த்தம் தெரியாததால் தாண்டிப் போய்விட்டேன்.

புத்தகத்தை மூடினேன். அகராதி பக்கத்து மேசையிலேயே இருந்தது. அதைத் திறந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், தோன்றாமல் பார்த்துக்கொண்டேன்.

தோணிக்குப் பின்னால்

எங்களுக்கு அது எஸ்.எஸ்.சி. சோதனை வருடம். என் நெருங்கிய கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் சாய்ந்தமருது ஹனீபா. அவனுடைய வாப்பா கரைவலைக்காரர். அந்தக் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் ஹனீபாதான். கணக்கில் புலி. கரும்பலகையில் மாஸ்டர் கேள்வியை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். சரித்திரம்தான் அவனுக்கு எமன். அரசர்களின் பெயர் ஒன்றும் மண்டையில் நிற்காது.

மற்றவன் தங்கராசா. காரைதீவிலிருந்து சைக்கிளில் வருவான். அவனுடைய தகப்பனார் வாத்தியார்.

பாடசாலை விட்டதும் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் தோணிகளின் நிழலில் இருந்து படிப்போம். அங்கேதான் ஒருநாள் ஹனீபா சரித்திரப் புத்தகத்தை மணலில் எறிந்துவிட்டு, "என்ட தலையில ஓட்டை இரிக்கி மச்சான். ஊத்துறதெல்லாம் ஒழுகுது" என்றான்.

அவனைத் தேற்றவேண்டும் என்று நினைத்தேனா, பெரிய ஆளாகவேண்டும் என்று நினைத்தேனா தெரியாது.

"ஞாபகத்துக்கு மருந்து இரிக்கி" என்றேன். "இங்கிலீசுப் புத்தகத்தில நானே பாத்த. வெள்ளைக்கார டாக்டர்மார் குடுத்தது. கஞ்சாதான் அது."

தங்கராசா சிரித்துவிட்டான். "சும்மா கதையாத. கதிர்காமத்துக்கு நடந்து போற சாமிமார் எங்கட ஊரில தங்கிப் போறவங்கதானே. என்ர மாமா அவங்களோட இருந்து இழுக்கிறவர். அவருக்கு ஞாபகம் கூடினத நான் காணல்ல. கடைக்குப் போனா என்னத்துக்கு வந்தனான் எண்டு கடைக்காரனிட்டக் கேப்பார்."

நான் விடவில்லை. "உன்ட மாமா அளவு தெரியாம இழுக்கிறார். மருந்தெண்டா அளவிரிக்கி."

ஹனீபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "பழகிராதா மச்சான்?"

"பீடிதான் பழகும். இது இலை. பழகாது. எப்ப வேணுமெண்டாலும் விடலாம்."

இந்தக் கடைசி வசனம் எந்தப் புத்தகத்திலும் இருந்ததல்ல. அந்த இடத்திலேயே, அவனுடைய கண்ணைப் பார்த்து, நான் உண்டாக்கியது. மெமரி என்ற சொல்லையாவது நான் கண்டிருந்தேன். இதற்கு அதுவும் இல்லை.

மார்க்கச் சந்தேகத்தையும் நாங்களே தீர்த்துக்கொண்டோம். கள்ளும் சாராயமும்தான் ஹறாம், இலைக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை என்று முடிவுசெய்தோம். பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்கலாமே என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

காட்டுப் பக்கமிருந்து விறகு கொண்டுவரும் வண்டிக்காரர் ஒருவர் களைப்புக்கு இழுப்பவர். அவரிடம் ஹனீபா கேட்டு வாங்கிவந்தான். பீடியைப் பிரித்து, புகையிலையைத் தட்டிவிட்டு, அந்த இலைத்தூளை வைத்துச் சுற்றினோம். பச்சைக் கொப்பைப் பற்றவைத்ததுபோல ஒரு வாடை வந்தது. தங்கராசா எழும்பிச் சைக்கிளை எடுத்தான். "நான் வாறன்டா. உங்கட இங்கிலீசு மருந்து எனக்கு வேணாம்." அவன் கடைசிவரை அதைத் தொட்டதில்லை.

நான் மூன்று தரம் இழுத்தேன். மூன்று தரமும் தலை சுற்றி, வாந்தி எடுத்தேன். 'எனக்கு ஞாபகம் போதும்' என்று பகிடியாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். ஒதுங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தக் கதை எங்கே நெய்யப்பட்டது என்று எனக்குத் தெரியுமே!

ஹனீபாவுக்குத் தெரியாது. அவன் அன்றைக்குச் சரித்திரப் புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக என் தோளில் தட்டினான்.

"ஒட்டுது மச்சான்! உள்ளுக்குப் போய் அப்பிடியே ஒட்டுது!"

போர்த்துக்கேயர் வந்தனர்

முதலில் கிழமையில் இரண்டு நாள். பிறகு பாடசாலை விட்டதும் ஒவ்வொரு நாளும். பிறகு காலையிலும். அவனுடைய கண் எப்போதும் சிவந்திருக்கும். கடற்காற்று என்பான். ஒருநாள் கரும்பலகைக் கணக்குக்கு முன்னால், சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் எழுதாமல் நின்றான். ஹனீபா கணக்குக்கு முன்னால் நிற்பது எங்கள் வகுப்பு காணாத காட்சி. யாரோ சிரித்தார்கள். காரணம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நோன்புக்குச் சில கிழமைகளுக்கு முன் பாடசாலைச் சோதனை வந்தது. சரித்திரப் பேப்பர் முடிந்து வெளியே வந்தவன் என்னைக் கட்டிப்பிடித்தான்.

"இண்டைக்குத்தான் மச்சான் எல்லாம் ஞாபகம் வந்த. தாள் காணாம மேலுக்கும் கேட்டு வாங்கி எழுதின!"

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் சொன்னது உண்மைதானோ என்று ஒரு கணம் நானே நம்பினேன்.

வகுப்பு மொனிட்டர் என்ற முறையில் கொப்பிக் கட்டை எடுக்க இரண்டு நாள் கழித்து மாஸ்டரின் அறைக்குப் போனேன். சரித்திர மாஸ்டர் ஒரு விடைத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஹனீபாவுக்குச் சுகமில்லையா?"

"இல்ல சேர். நல்லாத்தான் இரிக்கான்."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். வடிவான கையெழுத்து. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். புயலில் அகப்பட்டு வந்தனர். கறுவாவுக்காகத் தங்கினர். ஒரு பந்தி. பக்கத்தைப் புரட்டினேன். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். புயலில் அகப்பட்டு வந்தனர். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், நூல்போட்டுக் கட்டிய மேலதிகத் தாள், எங்கும் அதே பந்தி. முதல் கேள்விக்கும் அதுதான், ஐந்தாம் கேள்விக்கும் அதுதான். போர்த்துக்கேயர் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருதரமும் அவர்கள் கரையைவிட்டு உள்ளே போகவில்லை.

"பகிடி பண்ணுறானா எண்டு முதல்ல நினைச்சன்" என்றார் மாஸ்டர். "பகிடிக்கு ஒருத்தன் ரெண்டரை மணித்தியாலம் குந்தி எழுதுவானா?"

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நான் அப்போது சொல்லியிருக்கலாம். "தெரியா சேர்" என்றேன்.

நோன்பில் ஒரு பகல்

நோன்பு தொடங்கிய முதல் கிழமை. அசருக்கு முன், மணல் கொதிக்கிற நேரம். உம்மா மீன் வாங்கிவரச் சொன்னதால் கரைக்குப் போனேன். கவிழ்ந்த தோணிகளுக்குப் பின்னாலிருந்து அந்த வாடை வந்தது.

ஹனீபா தனியாகக் குந்தியிருந்து இழுத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நோன்புப் பகலில் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பவனைக்கூட நாங்கள் கண்டதில்லை. சின்னப் பிள்ளைகள்கூட ஒளித்துத்தான் தின்னும். அவனோ ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பையும் விடாதவன்.

"டேய், நோன்புடா!"

அவன் பதறவில்லை. அமைதியாக என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வருத்தக்காரனுக்கு நோன்பு மன்னிப்பு இரிக்கிதானே மச்சான்? பொறகு வேற நாளில புடிச்சிக் கழாச் செய்யலாம். நீதானே மருந்தெண்டு சொன்ன."

என் வாயிலிருந்து விழுந்த ஒரு பெருமைப் பேச்சு அவனுக்குள் போய் ஒரு சட்டமாக மாறி, நோன்பையே தள்ளி வைத்துவிட்டது. வாங்கிய மீனைக் கரையிலேயே மறந்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் செய்தி அவனுடைய உம்மா சுபைதா மாமிக்கும் எட்டியிருக்கிறது. மகனைக் கூப்பிட்டு விசாரித்தார். மகன் எனக்குச் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னான். அவர் யோசித்தார். மருந்து குடிக்கவும் வேண்டும், நோன்பும் போகக்கூடாது. அதற்கு வழி ஒன்றைக் கண்டுபிடித்து, போத்தலைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமை வந்தார்.

ஜன்னலடி

வாப்பா என்னைப் பார்த்தபடியே கேட்டார். "என்ன மருந்துடா?"

மேல்தட்டைக் காட்டினேன்.

அவர் மருந்துப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். வெளியே பெண்கள் வரிசை அசையாமல் நின்றது. ஏதோ நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

"எந்த இடத்தில பாத்த?"

மெமரி என்ற சொல்லில் விரலை வைத்தேன்.

"அதுக்கு முன்னால இரிக்கிறத வாசி."

எழுத்துக்கூட்டினேன். "இம்... பெயார்... மென்ட்."

"அர்த்தம்?"

"தெரியா வாப்பா."

"கெட்டுப்போறது" என்றார் வாப்பா. அவருடைய குரல் உயரவில்லை. "குறைஞ்சி போறது. ஞாபகம் கெட்டுப்போகுமெண்டு எழுதியிரிக்கி. நீ என்னெண்டு சொன்ன?"

அந்த ஒரு சொல்லுக்கு அகராதியைத் திறந்திருந்தால்! ஒரு நிமிடம்கூடப் பிடித்திருக்காது.

ஜன்னலுக்கு அப்பாலிருந்து சுபைதா மாமி பொறுமையாகக் கேட்டார். "என்ன தம்பி சொல்லுது புத்தகம்?"

வாப்பா வெளியே போனார். வரிசைக்கு முன்னால், எல்லோரும் கேட்க, "ராத்தா, அது மருந்தில்ல. கஞ்சா. என்ட மகன் தெரியாம, பிழையாச் சொல்லிப்போட்டான்" என்றார். மறைத்துச் சொல்லியிருக்கலாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

மாமி அழுவார், என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! நான்தானே காயவெச்சிக் குடுத்த" என்றார். "இங்கிலீசு மருந்து இலை, ஈரம் பட்டாப் பழுதாப் போகுமெண்டு சொன்னான். நெத்தலிப் பாயில ஒரு மூலையில பரத்தி வெச்சி, காகம் கொத்தாமக் காவல் இரிந்த. கசக்கித் தகரப் பேணியில போட்டுக் குடுத்ததும் நான்தான் தம்பி. என்ட கையால."

கஞ்சா என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அந்த இலை எப்படி இருக்கும் என்று காண்பதற்கு ஒரு மீன்காரக் குடும்பத்துப் பெண்ணுக்கு எங்கே வழி?

போத்தலை எடுக்காமலேயே அவர் போய்விட்டார்.

நம்பாதவன்

வாப்பா என்னை அடிக்கவில்லை. "போய் உன்ட வாயாலேயே அவனுக்குச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் போனேன். ஹனீபா வலையின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் சொன்னது பொய்டா."

"எது?"

"எல்லாம். ஞாபகம் கூடுமெண்டதும் பொய். பழகாதெண்டதும் பொய். புத்தகத்தில ஞாபகம் கெடுமெண்டுதான் இரிக்கி. நான் பிழையா வாசிச்ச."

அவன் சிரித்தான்.

"வாப்பா அடிச்சாரா?"

"இல்ல."

"அப்ப நல்லா ஏசியிரிப்பாரு. பாவம் நீ."

"சத்தியமாச் சொல்றன் ஹனீபா. போர்த்துக்கேயர் வந்தது வந்தது எண்டு முழுத் தாளும் எழுதி வெச்சிரிக்காய். நான் கண்ணால பாத்த."

"மாஸ்டருக்கு என்னில கோவம்." கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்தான். "முதல் நாள் நீ சொல்லக்குள்ள ஒருத்தருக்கும் பயப்படாமச் சொன்ன. இப்ப பயந்து பயந்து சொல்றாய். பயந்தவன்ட கதைய நான் எப்பிடி நம்புற?"

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், நான் வெட்கப்படுவது மட்டும்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். உண்மையை ஏற்றுக்கொள்ள அங்கே இடமே இருக்கவில்லை.

"பழகாதெண்டு நீ சொன்னது சரி" என்றான் ஹனீபா. "நான் விட்டுக் காட்டுறன். பொறகு உன்ட வாப்பாக்குப் போய்ச் சொல்லு."

விட்டான். நான் முதலில் சொன்னது சரி என்று நிரூபிப்பதற்காகவே விட்டான்.

முதல் நாள் கலகலப்பாக இருந்தான். இரண்டாம் நாள் கண்ணை மூடவே முடியவில்லை என்றான். மூன்றாம் நாள் பகல் நான் போனபோது சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. யார் பேசினாலும் சீறினான். வாப்பா வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம், "இதுக்கு என்ட அலுமாரியில ஒண்டும் இல்ல" என்றார்.

நான்காம் நாள் நோன்பு திறக்கும் நேரம் நான் அங்கே இருந்தேன். பாங்கு கேட்டது. மாமி கஞ்சிக் கோப்பையை மகனின் கையில் கொடுத்து, "ரெண்டு மிடறு குடி மனே, நாலு நாளா ஒண்டும் திங்கல்ல" என்றார். அவன் தலையை ஆட்டினான். அவர் கோப்பையை வாயருகே கொண்டுபோனார். ஹனீபா ஒரே தள்ளாகத் தள்ளினான். கோப்பை பறந்தது. மாமி பின்னால் சரிந்து கதவு நிலையில் தலை அடிபட விழுந்தார்.

உம்மாவின் சொல்லுக்கு மறுசொல் பேசாத பிள்ளை என்று ஊரே சொன்ன ஹனீபா அவன். உம்மாவின் நெற்றியில் இரத்தத்தைக் கண்டதும் அவனுடைய முகம் எப்படி ஆனது என்று எழுத என்னால் முடியாது. ஓடிவந்து தூக்கினான், தன் சாறனால் துடைத்தான், "உம்மா, உம்மா" என்று குழந்தைபோல அழுதான். மாமி அவனுடைய தலையைத் தடவி, "ஒண்டுமில்ல மனே, ஒண்டுமில்ல" என்றார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என் பங்குக்குச் செய்ய அங்கே எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் அவன் மறுபடியும் தோணிக்குப் பின்னால் இருந்தான்.

"விட்டுக் காட்டுறன் எண்டாய்" என்றேன். "பழகிட்டுதுதானே ஹனீபா?"

"இது பழக்கமில்ல மச்சான்" என்றான், மிகவும் சாதாரணமாக. "பழக்கமெண்டா விட்டிரிப்பனே. இது தேவை."

வாப்பா பிறகு சொன்னபடி, ஹனீபாவைத் தவிர நான் இதே கதையை விட்ட மற்றப் பையன்களையும் தேடிப் போனேன். நான் மூன்று பேருக்குத்தான் சொன்னதாக நினைத்திருந்தேன். பத்துப் பேருக்கு மேல் தெரிந்திருந்தது. ஒருவன் பயம் போகும் என்றான். இன்னொருவன் கண்பார்வை கூடும் என்றான். தறியில் இருக்கும் மருதமுனைப் பையன் ஒருவன், கை வலிக்காமல் நெய்யலாமாம் என்றான். இதில் ஒன்றும் நான் சொன்னதல்ல. ஆனால் எல்லாரும் சொன்ன அத்தாட்சி ஒன்றுதான்: 'டிஸ்பென்சர்ட மகன் புத்தகத்தில கண்டதாம்.' சிலர் நான் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டார்கள். சும்மா பார்ப்பதற்காக இழுத்தவர்கள் அவர்கள். மெய்யாகவே நம்பி இழுத்தவர்கள்தான் என்னோடு வாதாடினார்கள்.

பஸ் நிலையம்

ஹனீபா எஸ்.எஸ்.சி. எழுதவில்லை. அவனுடைய பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லோயாப் பக்கம் காடு வெட்டுகிற வேலைக்குப் போனான். அங்கே இலைக்குப் பஞ்சமில்லை. பிறகு வரிப்பத்தான்சேனையில் நெல் ஆலை ஒன்றில் நின்றான், கல்யாணம் முடித்தான். 'விட்டுட்டன்' என்பான். இரண்டு மாதம் விடுவான், சிலவேளை ஒரு வருடம்கூட. மறுபடியும் தொடங்குவான். யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. கணக்கு மட்டும் அவனுக்குத் திரும்பி வரவே இல்லை. தன் பிள்ளையின் நான்காம் வகுப்புக் கணக்கை என்னிடம் கொண்டுவந்து, 'இதென்னெண்டு பாரு மச்சான்' என்று அவன் நீட்டிய நாளில் நான் வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வயதாகித்தான் மௌத்தானான்.

சுபைதா மாமி என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த நோன்புப் பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் அனுப்பினார். உம்மா வெட்டி வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

இதையெல்லாம்விட என் மனதில் நிற்பது, நான் ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்ட காலை. கல்முனை பஸ் நிலையத்தில் வாப்பாவும் நானும் நின்றோம். தங்கராசா முந்திய கிழமையே வேறு ஊருக்கு வேலையாகப் போயிருந்தான். ஹனீபா வருவான் என்று நான் நினைக்கவில்லை. வந்தான். எண்ணெய் வைத்துத் தலை வாரி, துவைத்த சட்டை போட்டிருந்தான். மெலிந்திருந்தான். என் தகரப் பெட்டியைத் தோளில் வாங்கி, பஸ்ஸின் கூரைக்கு ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கினான்.

நான் ஜன்னலோரம் இருந்தேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றான்.

"அங்க பெரிய லைப்ரரி இரிக்குமாமே?"

"இரிக்கும்."

"இங்கிலீசுப் புத்தகமும் இரிக்குமா?"

"நிறைய இரிக்கும்."

டிரைவர் ஏறிவிட்டார். எஞ்சின் அதிரத் தொடங்கியது. ஹனீபா வாப்பாவுக்குக் கேட்காதபடி என் பக்கம் நெருங்கினான்.

"நேரம் கெடச்சா நல்லாத் தேடிப் பாரு மச்சான். நீ முதல் சொன்னது ஏதாவது ஒரு புத்தகத்தில இரிக்கும். உன்ட வாப்பாட புத்தகத்திலதான் பிழையா அடிச்சிரிப்பானுகள்."

பகிடியா என்று அவனுடைய கண்ணைப் பார்த்தேன். பகிடி இல்லை. சோதனை முடிவுக்குக் காத்து நிற்கிற மாணவனைப்போலக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் நகர, கூடவே நடந்தான்.

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். எத்தனை தரம் சொன்னேனோ அதற்கு மேலும் ஒருதரம் சொல்லியிருக்கவேண்டும்.

"தேடுறன்" என்றேன்.

அவன் சந்தோஷமாகக் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.